வரதராசா என்று கூப்பிட்டால்

கண் விழித்ததும் ஆரபியின் மனதில் எழும் முதல் கேள்வி, கழிவறை எந்தப் பக்கம் என்பதுதான். சிரிக்காதீர்கள். பதின்மூன்று வருடம் ஒன்பது நாடுகளில் கூடைப்பந்து விளையாடி, ஒவ்வொரு கழகமும் பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் படுத்து எழும்பினவளுக்கு வேறு என்ன கேள்வி வரும்? ஸ்லோவாக்கியாவில் அது கட்டிலுக்கு இடப்பக்கம். ஹங்கேரியில் நீளமான நடையைக் கடக்க வேண்டும். போர்த்துக்கலில் மூன்று படி இறங்க வேண்டும், அதில் இரண்டாவது படி ஆடும். இப்போதும் அவளுடைய கால் தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பிச் சுவரில் போய் முட்டும். பிறகுதான், அட, இது ஒஸ்லோவின் குரோருட், இது அப்பா அம்மாவின் வீடு, இது பள்ளிக்கூடம் போன காலத்துக் கட்டில் என்று ஒவ்வொன்றாகத் தெளியும்.

தெளிவதற்கு முந்திய அந்த அரை நிமிடத்தைப் பற்றி அவள் யாருக்கும் சொன்னதில்லை. அதில் ஒரு சுகம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர். எல்லா மண்டபங்களும் ஒரே மண்டபமாகி, மெழுகு மணக்கும் மரத்தரையோடு, எங்கிருந்தோ விழும் மஞ்சள் வெளிச்சத்தோடு, அவளுக்காகத் திறந்து கிடக்கும். தூரத்தில் யாரோ பந்தைத் தட்டுவது கேட்கும். எழும்பி ஜன்னலால் பார்த்தால், நகரசபையின் வண்டி ஒன்று குளிர்காலம் முழுக்க நடைபாதையில் கொட்டிய சரளைக்கல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருக்கும். ஒஸ்லோவில் ஏப்ரல் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை.

அந்த அரைத்தூக்க மண்டபத்தில் எப்போதும் ஓர் ஆள் இருப்பார். அது அவளுடைய அப்பா.

போன இடமெல்லாம் ஆரபி தவறாமல் செய்த காரியம் இதுதான்: ஆட்டம் தொடங்குமுன் பார்வையாளர் பக்கம் திரும்பி, ஆளில்லாத ஓர் இருக்கையைத் தேடிப் பிடித்து, அதில் அப்பாவை இருத்துவாள். ரயில் ஓட்டுகிறவரின் நீலச் சட்டையோடு, மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு, குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு அவர் இருப்பார். ஸ்பெயினில் ஒருமுறை மண்டபம் நிறைந்துவிட்டது. அப்பாவுக்கு இடமில்லை. அன்றைக்கு அவள் எறிந்த பந்து ஒன்றுகூடக் கூடைக்குள் போகவில்லை. மூடநம்பிக்கை என்பீர்கள். சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஏனென்றால் உண்மையான அப்பா ஓர் ஆட்டத்துக்கும் வந்ததில்லை. வந்ததில்லை என்பதும் முழுச் சரியில்லை. ஒரேயொரு முறை, அவளுக்குப் பதினாலு வயதில், குரோருட் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் வந்திருந்தார். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே எழும்பிப் போய்விட்டார். பந்தோடு திரும்பிப் பார்த்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிக் கதையே இல்லை. பதினாலு வயதுப் பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக முழங்காலுக்கு மேல் நிற்கிற காற்சட்டையோடு ஊர்ச்சனத்துக்கு முன்னால் ஓடினாள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. வேறு என்ன?

இப்போது அவளுக்கு முப்பத்திநாலு வயது. இடது முழங்காலை இரண்டு தரம் வெட்டித் தைத்தாயிற்று. மூன்றாம் தரம் இல்லை, இனிப் போதும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைசிப் பருவத்தை ஊரில் விளையாடி முடிப்போம் என்று ஒஸ்லோவுக்கு வந்து ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி ஆட்டம். கிண்ணம் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். அப்பா ஒருமுறை வந்து, ஆட்டம் முடியும்வரைக்கும் இருக்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஆனால் அது ஒன்பது நாட்டிலும் கிடைக்காத சாமான்.

இதிலே அப்பாவை மட்டும் குறைசொல்லியும் பயனில்லை. தமிழில் விளையாட்டு என்ற சொல்லுக்கே மரியாதை கிடையாது. 'விளையாட்டுக்குச் சொன்னனான்' என்றால் அது பொய். 'விளையாட்டுப் பிள்ளை' என்றால் உருப்படாதது. கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது அம்மா உதயகுமாரியைப் பிடித்து விசாரிப்பார்கள்.

"மகள் இப்ப என்ன செய்யிறா?"

"விளையாடுறா."

"அது சரி. என்ன வேலை செய்யிறா?"

"விளையாடுறதுதான் வேலை."

கேட்டவர் அம்மாவின் கையைப் பிடித்து, "எல்லாம் சரிவரும், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். அப்பாவிடம் கேட்டால், "யூரோப்பிலை வேலை. இடம் மாத்தி மாத்தி விடுவினம்" என்பார். அவள் ஏதோ பெரிய வங்கியில் இருக்கிறாள் என்று பாதிச் சனம் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது.

அம்மா மட்டும் வருவாள். சுவீடனுக்குப் பஸ்ஸில் வந்தாள், போலந்துக்கு விமானத்தில் வந்தாள், ஒவ்வொரு தடவையும் முறுக்குப் பையோடு. ஆனால் மண்டபத்தில் அவள் படுகிற பாடு தனிக்கதை. நோர்வேயில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பேர்தான் குடும்பப் பேர். ஆகவே ஆரபியின் ஜேர்சியில், முதுகுக்குக் குறுக்கே, தோளிலிருந்து தோளுக்கு வரதராசா என்று எழுதியிருக்கும். சுவீடன்காரர் அதைப் பாட்டுப்போல இழுப்பார்கள். ஸ்பெயின்காரருக்கு வாயில் 'வ' வராது, பரதராசா என்பார்கள். ஹங்கேரியில் வரதராஷா. இரண்டாயிரம் பேர் தரையில் காலை உதைத்து அந்தப் பேரைக் கூவும்போது, நடுவில் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்திருப்பாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவள் புருசனுடைய பேரை வாயால் சொன்னதில்லை. சுகாதார நிலையத்தில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள். "சனம் இப்பிடி உங்கடை அப்பாவைக் கூப்பிடக் கூப்பிட எனக்குக் கூச்சமாய்க் கிடக்கு பிள்ளை" என்று முறையிடுவாள். அப்பாவை ஒஸ்லோவில் யாரும் அந்தப் பேரால் கூப்பிடுவதில்லை. ரயில் ஓட்டுகிற இடத்தில் அவர் வெறும் ராஜ். முழுப்பேர் கடித உறையில் உண்டு, மகளின் முதுகில் உண்டு. வேறெங்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா காலை வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்து, தேத்தண்ணியோடு இருக்கும்போது ஆரபி கேட்டாள்.

"அப்பா, லோர்டாக் மூண்டு மணிக்கு எனக்குக் கடைசி ஆட்டம். வாறீங்களோ?" அவளுக்குச் சனிக்கிழமை என்பது வாயில் வராது. பள்ளிக்கூடத்தில் படித்த நோர்வேக்காரரின் லோர்டாக்தான் வரும்.

"சனியோ? வேலை இருக்கும் பிள்ளை."

"லீவு கேளுங்கோ. கடைசி எண்டு சொல்லுறன்."

"பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு இருபது வருடம் போய்விட்டது. சுருக்கென்று கோபம் வந்தது.

"சொல்லுங்கோ, இந்தக் கண்டறியாத காற்சட்டைதானே உங்களுக்குப் பிரச்சினை? நான் வேணுமெண்டால் சேலை கட்டிக்கொண்டு விளையாடுறன். அப்பவாவது வருவியளோ?"

அப்பா கோப்பையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் விளங்காதவராகப் பார்த்தார்.

"என்ன காற்சட்டை?" என்றார். பிறகு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றாள். கத்தியின் சத்தம் நின்றுவிட்டது.

"விசரே உனக்கு? இவ்வளவு நாளும் அதையே நினைச்சுக்கொண்டு இருந்தனி?"

"பிறகு வேறென்ன அம்மா? அண்டைக்கு எழும்பிப் போனவர்தானே."

அம்மா அறைக்கதவைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "அண்டைக்கு நான் பக்கத்திலை இருந்தனான். நீங்கள் எல்லாம் வரிசையாய் இருக்கிறியள். மேசையிலை இருந்த பெடியன் மைக்கிலை அந்தப் பேரைச் சொன்னான்."

"எந்தப் பேர்?"

"இவற்றை பேர்தான். உன்ர முதுகிலை இருக்கிற பேர். சொன்ன உடனை இவர் எழும்பி நிண்டிட்டார். கையையும் இப்பிடி மேலை தூக்கிக்கொண்டு. பின்னுக்கு இருந்த சனம் சிரிச்சது. நானும் சிரிச்சுப் போட்டன், அந்தப் பாவம் என்னை விடாது. திரும்பிப் பாத்தால் மனுசன்ர கால் நடுங்குது. கொஞ்ச நேரம் இருந்து பாத்தார், ஏலாமல் போச்சு."

மிச்சத்தையும் அம்மா சொன்னாள். அந்தப் பேரை ஒருதரமும் வாயில் எடுக்காமலேயே முழுவதையும் சொல்லி முடித்தாள்.

"ஊரிலை, இவருக்கு இருபத்திரண்டு வயசு. ஆமிக்காரங்கள் ஊரை வளைச்சு, றவுண்டப் எண்டு ஆம்பிளையளைப் பிடிச்சுக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூட வளவிலை வெயிலுக்கை இருத்தினவங்கள். லவுட்ஸ்பீக்கரிலை பேர் வாசிச்சவங்கள். வாசிச்சால் எழும்பிப் போகவேணும். இவற்றை பேரும் வாசிச்சவங்கள். இவர் எழும்பேல்லை. பயத்திலை கால் வரேல்லையாம். ரெண்டாந்தரம் வாசிச்சவங்கள். அப்ப முன்னுக்கு இருந்த ஒருத்தன் எழும்பினான். அவனுக்கும் அதே பேர்."

ஆரபி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அவன்ர முகத்தைக்கூட இவர் காணேல்லை. முதுகைத்தான் கண்டவர். நடந்து போய் லொறியிலை ஏறினான். பிறகு வரவேயில்லை. வாசிச்சது இவரையோ, அவனையோ, இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?"

"சத்தியம் வாங்கினவர். பிள்ளை அந்தப் பேரை முதுகிலை போட்டுக்கொண்டு சந்தோசமாய் ஓடித்திரியுது, அதைக் கெடுக்காதை எண்டவர்." அம்மா கண்ணைத் துடைத்தாள். "லீக்ஸ்" என்றாள். வெங்காயமென்றால் சரி, லீக்ஸ் வெட்டினால் எந்த ஊரில் கண்ணீர் வரும்?

அன்றிரவு எப்படிப் போனதோ போனது. விடிந்ததும் அரைத்தூக்கத்தில் அதே மண்டபம் வந்தது, ஆனால் அப்பாவின் இருக்கை வெறுமையாக இருந்தது. ஆரபி எவ்வளவு முயன்றும் அவரை அதில் இருத்த முடியவில்லை. அவர் நழுவி நழுவிப் போனார்.

அன்று பயிற்சிக்குப் போனதும் யூலியனைப் பிடித்தாள். யூலியன் பல்வைத்தியர், சனிக்கிழமைகளில் கழகத்துக்காக மைக் பிடிப்பவர். பல்லைப் பிடுங்கும்போது சத்தம் போட முடியாத குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறார் என்று எல்லோரும் பகிடி பண்ணுவார்கள்.

"சனிக்கிழமை என் முதல் பெயரை மட்டும் வாசி. ஆரபி. அவ்வளவு போதும்."

"ஏன்? அந்த நீளப் பெயரைச் சரியாகச் சொல்ல நான் ஒரு வருடமாகப் பழகியிருக்கிறேனே!" யூலியனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் பேனையை எடுத்துத் தாளில் இருந்த வரதராசாவை வெட்டினார்.

வெட்டினது சரிதானா? ஜேர்சியையும் மாற்றிவிட்டால் என்ன? முதுகில் ஒன்றுமே இல்லாமல் விளையாடினால்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க இருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் எழும்பி, சட்டையை மாற்றி, குரோருட் நிலையத்துக்குப் போய் நின்றாள். அப்பாவின் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த ரயிலுக்குக் கைகாட்டுவதற்கென்றே நின்றவள்தானே.

முதற்பெட்டியில் ஏறி, ஓட்டுநரின் கதவுக்குப் பின்னால் உள்ள இருக்கையில் இருந்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் அப்பா. தட்டக்கூடாது, கதைக்கக்கூடாது, அது சட்டம். ரயில் றொம்சோஸ் மலைக்குள் நுழைந்தது. ஜன்னல் கறுத்து, அவளுடைய முகம் அதில் தெரிந்தது. ஆட்டம் தொடங்குமுன்பும் இப்படித்தான் இருக்கும். விளக்கெல்லாம் அணையும். இருட்டில் ஐந்து பேர் வாங்குப் பலகையில் நெருங்கி இருப்பார்கள். பிறகு ஒரு குரல், ஒரு பேர், ஒரு வட்ட வெளிச்சம். மலை முடிந்தது. பெட்டிக்குள் வெயில் விழுந்தது. பாதி உருகின பனியும் ஈரப் புல்லுமாகச் சரிவுகள் பின்னால் ஓடின. ரயில் ஓடவில்லை, நிலம்தான் தன்பாட்டில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியே இருந்துவிடலாம் போலவும் இருந்தது.

கடைசி நிலையம் வெஸ்ட்லி. அங்கே ஓட்டுநர் இறங்கி, மேடை நீளத்துக்கு நடந்து, மற்ற நுனியில் உள்ள அறைக்குப் போகவேண்டும். வால் தலையாகிவிடும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த அப்பா அவளைக் கண்டதும் திகைத்துப் போனார்.

"என்ன பிள்ளை? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லையப்பா. உங்களோடை கதைக்க வந்தனான்."

"எனக்கு நாலு நிமிசம்தான் இருக்கு."

"காணும்."

இருவரும் நடந்தார்கள். அப்பா ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எட்டி, யாரும் நித்திரையாகிக் கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பெட்டி கழிந்தது. இரண்டு கழிந்தது.

"அம்மா சொல்லிப்போட்டா" என்றாள் ஆரபி. "அந்தப் பள்ளிக்கூட வளவைப் பற்றி."

அப்பா நிற்கவில்லை. கையில் இருந்த அறைத் திறப்பை மட்டும் இறுக்கிப் பிடித்தார். "அவளுக்கு வாய் சும்மா இராது."

"அம்மாவை ஏசாதேங்கோ. நான்தான் காற்சட்டை எண்டு விசர்க்கதை கதைச்சனான்."

மூன்றாவது பெட்டி. அப்பா அதற்குள் எட்டிப் பார்க்க மறந்துபோனார்.

"அவனுக்கு என்ன வயசெண்டும் தெரியாது" என்றார். "எந்த ஊர், ஆரின்ர பிள்ளை, ஒண்டும் தெரியாது. உன்ர சட்டையிலை அந்தப் பேரைக் காணேக்கை... நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுறாய் பிள்ளை. எனக்கு அவன்தான் போறான்."

ஆட்டத்தில் பந்தை நடத்துகிறவள் ஆரபி. குழுவிலேயே உயரம் கட்டை, ஆனால் யாருக்கு, எப்போது, எவ்வளவு விசையில் கொடுப்பது என்று கண்மூடித் திறக்குமுன் முடிவெடுக்கிறவள். அந்த மேடையில் மட்டும் வாய் திறக்க ஒரு முழுப்பெட்டியின் நீளம் எடுத்தது.

"அப்பா, சனம் உங்களைக் கேக்கும், மகள் என்ன வேலை செய்யிறா எண்டு. நீங்கள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை. நான் சொல்லட்டே? இருட்டிலை இருப்பன். லவுட்ஸ்பீக்கரிலை வரதராசா எண்டு வாசிப்பினம். நான் எழும்பி ஓடுவன். விளையாடி முடிஞ்சு திரும்பி வருவன். அடுத்த கிழமையும் வாசிப்பினம். எழும்பி ஓடுவன். திரும்பி வருவன். ஒன்பது நாட்டிலை வாசிச்சவை அப்பா. ஒருக்காலும் நான் திரும்பி வராமல் விடேல்லை. அதுதான் என்ர வேலை."

கடைசிப் பெட்டி வந்துவிட்டது. அப்பா அறைக்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றார். அவருடைய தாடை அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"நேரமாச்சு, ஏறு. கதவு பூட்டப் போகுது" என்றார்.

குரோருட் வரைக்கும் அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது திறக்கவில்லை.

சனிக்கிழமையும் வந்தது. மண்டபம் ஒன்றும் பெரிதில்லை. நாலு வரிசை மரவாங்குகள், நூற்றைம்பது பேர், ஒரு மூலையில் பெற்றோர் விற்கிற வாபில் அப்பத்தின் வாசனை. உயரத்து ஜன்னல்களால் ஏப்ரல் வெயில் விழுந்து தரையில் நீளநீளமாகக் கிடந்தது. ஆரபி பழக்கதோசத்தில் வெறும் இருக்கை ஒன்றைத் தேடினாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மா, முறுக்குப் பையோடு. அம்மா அவளைக் கண்டு கையைக் காட்டவில்லை. வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, வரவில்லை. இருக்கட்டும். அவள் அந்த இருக்கையில் வழமைபோல அப்பாவை இருத்தினாள். நீலச் சட்டை, மடியில் சாப்பாட்டுப் பெட்டி, குறுக்கின தோள். கண்ணை மூடித் திறந்தாள்.

அப்பா இருந்தார்.

மறுபடியும் கண்ணை மூடித் திறந்தாள். இருந்தார். நீலச் சட்டையோடுதான் இருந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். ஆனால் கனவில் அவர் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாங்கின் நுனியில், எந்த நேரமும் எழும்பிவிடுகிற ஆள்போல முன்னால் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

போகப்போகிறார், இந்த முறையும் போகப்போகிறார் என்று ஆரபி நினைத்தாள். நல்லவேளை, பேரை வெட்டியாயிற்று. விளக்கு அணைக்கிற வசதியெல்லாம் அந்த மண்டபத்தில் இல்லை. யூலியன் வெயிலிலேயே மைக்கை எடுத்தார். நாலு பேரை வாசித்தார். நாலு பேர் எழும்பி ஓடினார்கள். பிறகு குரலை உயர்த்தி, "கடைசி முறையாக, ஏழாம் இலக்கம், ஆரபி!" என்றார்.

அவள் எழும்பி நடுவுக்கு ஓடினாள். கைதட்டல் எழுந்தது. ஓடிக்கொண்டே மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். அப்பா அசையாமல் இருந்தார். முகத்தில் பயமில்லை. யாரோ அவரை ஏமாற்றிவிட்டது போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா கையை விரித்தாள்.

கைதட்டல் அடங்கினதும் அப்பா வாயைத் திறந்தார். முப்பது வருடம் ரயிலுக்குள் தனியாக இருந்து பழகின மனுசன், அந்தச் சின்ன மண்டபத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நோர்வே மொழியில் கத்தினார்:

"முழுப்பேரையும் வாசி!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. யூலியன் மைக்கோடு விழித்தார். ஆரபி நடுவட்டத்தில் நின்றாள், தலையை ஆட்டினாள், வாசி என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி ஓடிப்போய் வாங்கில் இருந்துகொண்டாள். எதிர்க்குழுவினர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

யூலியன் தொண்டையைச் செருமினார். ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்துப் பிடித்து, ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தார்.

"ஏழாம் இலக்கம், ஆரபி வரதராசா!"

அவள் எழும்பினாள். மூன்றாம் வரிசையில் அப்பாவும் எழும்பினார். கை மேலே போனது. அவள் ஓடினாள், அவரைக் கடந்து, அந்தப் பேர் அவருக்குத் தெரியும்படியாக முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் விழுந்து கிடந்த தரையில் நடுவட்டம் வரைக்கும் ஓடினாள். பின்வரிசைப் பெண் ஒருத்தி, மறைக்கிறது, இருங்கள் என்று சொன்னது அவளுக்குக் கேட்டது. அப்பா திரும்பாமலே பதில் சொன்னதும் கேட்டது.

"என்னைத்தான் கூப்பிட்டார்கள்."

பந்து மேலே போனது. அதன்பிறகு நடந்ததெல்லாம் ஆரபிக்குத் தொடர்ச்சியாக ஞாபகமில்லை. முழங்கால் நோகவில்லை. அல்லது நொந்தது, வேறு யாருக்கோ நொந்தது போல. ஒன்பது நாட்டு மண்டபங்களும் அந்த நாலு வரிசை மண்டபத்துக்குள் வந்து இருந்துகொண்டன. பந்து கையை விட்டுப் போவதும் வருவதும் மெதுவாக, மிக மெதுவாக நடந்தது. வெயில் தரையில் ஊர்ந்து ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போயிற்று. ஒருமுறை அவள் பார்க்காமலே பின்னால் எறிந்த பந்தைக் குழுத்தோழி கரோலினா பிடித்துக் கூடைக்குள் போட்டாள். சனம் காலை உதைத்து அந்தப் பேரைக் கூவியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மூன்றாம் வரிசையில் அப்பா நின்றுகொண்டேயிருந்தார். பின்வரிசைப் பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அம்மா முறுக்கைத் தின்னவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

ஆறு புள்ளியால் தோற்றார்கள். அதுவும் போகட்டும். கட்டிப்பிடித்தவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, ஆரபி மூன்றாம் வரிசைக்குப் போனாள். அப்பாவுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கால் நடுங்கியது. ஆனாலும் நின்றார். அவள் கிட்ட வருமட்டும் பார்த்துக்கொண்டு நின்று, அவளுடைய வியர்த்த தலையில் கையை வைத்தார்.

"வந்திட்டியோ?" என்றார்.

"ஓம் அப்பா. வந்திட்டன்."

அப்போதுதான் அவர் வாங்கில் இருந்தார்.